தோல் மடிப்பில் வரும் சிவப்புக்கு மூலிகை க்ரீமா, ஸ்டீராய்டு க்ரீமா?

மல்லிகைப்பந்தல்:
அம்மாவுக்கு மார்புக்கு அடியிலும் அடிவயிற்று மடிப்பிலும் செக்கச்செவேல் என்று தடித்துப்போய், வேர்த்தால் எரிச்சல் தாங்க முடியவில்லை. வீட்டில் வேறொருவருக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த ட்யூப் ஒன்று கிடந்தது, அதைத்தான் தடவுகிறோம். தடவினால் சீக்கிரமே அடங்கிவிடுகிறது, நிறுத்தினால் முன்னைவிட அகலமாக வருகிறது. அது ஸ்டீராய்டு, தூக்கிப் போடு, கற்றாழை வேம்பு சேர்ந்த மூலிகை க்ரீம் போடு, பக்கவிளைவே கிடையாது என்கிறார் அண்ணி. அம்மா பழைய ட்யூபை விடமாட்டேன் என்கிறார். எதைப் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்தாமரை:
தோல் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இது எந்த க்ரீம் என்ற கேள்வியே இல்லை சகோதரி, என்ன புண் என்பதுதான் முதல் கேள்வி. மடிப்பில் தோலோடு தோல் உரசி, வேர்வை காயாமல் ஊறித்தான் இது தொடங்குகிறது. அந்த ஈரத்தில் அப்புறம் கேண்டிடா என்ற பூஞ்சை குடியேறும். சிலருக்குப் படர்தாமரை, சிலருக்கு எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று, சிலருக்கு மடிப்பிலேயே வரும் சொரியாசிஸ். எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும், மருந்துதான் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஸ்டீராய்டு அந்தச் சிவப்பையும் அரிப்பையும் அடக்கும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்தினதும் அகலமாக வருகிறது என்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது.

ட்யூபில் என்ன பெயர் போட்டிருக்கிறது? சிவப்பின் ஓரத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

தென்றல்காற்று:
அண்ணி சொல்வதில் பாதிதான் சரி. மூலிகை என்றாலே பக்கவிளைவு இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். டீ ட்ரீ எண்ணெய், சாமந்தி வகைச் செடிகளின் சாறு, வாசனைக்காகச் சேர்க்கும் எண்ணெய்கள் எல்லாமே சிலருக்கு அலர்ஜி கொடுக்கும், அதுவும் ஏற்கெனவே வெந்துபோன மடிப்பில் போட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும். இன்னொன்று, 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், தோல் நோய்க்குக் கொடுத்த 11 சீன மூலிகை க்ரீம்களைச் சோதித்தார்கள், 8-இல் டெக்ஸாமெத்தசோன் இருந்தது, அதாவது ஸ்டீராய்டே. மூலிகை க்ரீம் ஒன்று மாயம் போல ஓரிரு நாளில் சிவப்பை அடக்கினால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். கற்றாழை குளிர்ச்சியாக இருக்கும், சரி, ஆனால் அதை நம்பிப் பூஞ்சையை விட்டுவிட முடியாது.

மல்லிகைப்பந்தல்:
ட்யூபில் குளோபெட்டசால் 0.05% என்று இருக்கிறது, கூடவே ஏதோ ஆன்டிபயாடிக். ஓரத்தைப் பார்த்தேன், பெரிய சிவப்புக்கு வெளியே தள்ளித் தள்ளிக் குட்டிக் குட்டியாகச் சிவந்த பருக்கள், சிலதில் சீழ் முனை. மடிப்பின் உள்ளே வெள்ளையாக ஊறிப்போயிருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு.

வெண்தாமரை:
அப்படித் தள்ளி நிற்கும் பருக்கள் கேண்டிடாவில் அடிக்கடி பார்ப்பது. குளோபெட்டசால் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை, மடிப்பில் போடவே கூடாத ரகம். அங்கே தோல் மெல்லிசு, மடிப்பே மூடிக் கட்டின கட்டு மாதிரி இருப்பதால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், நாளாக நாளாகத் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறையாது. ஸ்டீராய்டே ஆகாது என்று சொல்லவில்லை. வீக்கம் ரொம்ப இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போன்ற மென்மையானதைப் பூஞ்சை மருந்தோடு சேர்த்து சில நாளுக்கு டாக்டர்களே எழுதுவார்கள். முக்கிய மருந்து குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை க்ரீம்தான், வழக்கமாக 2 முதல் 4 வாரம், சிவப்பு போனதும் பாதியில் நிறுத்தக்கூடாது.

நீங்களாக வாங்கிப் போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள், தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும். இந்த ட்யூபை எவ்வளவு நாளாகப் போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஸ்டீராய்டு பட்ட புண் உருவமே மாறியிருக்கும். சர்க்கரை அளவையும் பாருங்கள், அது ஏறிக்கிடந்தால் எந்தக் களிம்பும் நிற்காது.

தென்றல்காற்று:
க்ரீமைவிட ஈரத்தைக் கவனியுங்கள் என்பேன். குளித்ததும் தேய்க்காமல் மெத்தென்ற துணியால் ஒற்றியெடுத்து, மடிப்பைத் தூக்கிப் பிடித்து மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள், அப்புறம் மருந்து. மடிப்புக்குள் மெல்லிய பருத்தித் துணி வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். புண் ஆறினபிறகு உரசாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிசாகப் போடலாம்.

வெண்தாமரை:
ஆமாம். சிவப்பு சூடாகிப் பரவினாலோ, நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம், சர்க்கரை உள்ளவர் என்பதால் அன்றைக்கே கூட்டிப் போய்விடுங்கள்.