8 வயதுப் பையன், 38 கிலோ: ராத்திரிச் சாதத்தை நிறுத்தலாமா?

கோவைக்காரி:
பையன் உயரம் 130 செ.மீ., எடை 38 கிலோ. நெட்டில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) போட்டுப் பார்த்தால் 22.5, நார்மல் என்று வருகிறது, ஆனால் போன வருஷத்து பேன்ட் ஒன்றுகூட இடுப்பில் ஏறவில்லை. காலையும் சாயங்காலமும் பாலில் ஹெல்த் டிரிங்க் பவுடர், வேனை விட்டு இறங்கியதும் பப்ஸோ கிரீம் பிஸ்கட்டோ, அப்புறம் டியூஷன், டிவி. ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி கொடுக்கலாம் என்றால் மாமியார் "வளர்ற புள்ள வயித்தக் கட்டாதே" என்கிறார். கழுத்துப் பின்பக்கம் வேறு கறுத்திருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

பழையசோறு:
அந்த 22.5 பெரியவர்கள் கணக்கில்தான் நார்மல். பிள்ளைகளுக்கு வயது, ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் தனி சார்ட் இருக்கிறது, இந்தியக் குழந்தைகளுக்கென்று 2015-ல் புதுப்பித்தது. அதன்படி 8 வயதுப் பையனுக்கு இது ரொம்பவே அதிகம். கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை, தயவுசெய்து தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடம்பில் அது கூடிப்போனால் தோல் இப்படித் தடித்து வெல்வெட் மாதிரி கறுக்கும், அக்குளிலும் பாருங்கள். குழந்தை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவர் சொல்வார். நீங்களாக டயட் எதுவும் ஆரம்பிக்க வேண்டாம். இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வார்கள், அதனால் நிறையப் பிள்ளைகளுக்கு எடை மேலே ஏறாமல் பிடித்து வைத்தாலே உயரம் கூடக் கூட சரியாகிவிடும்.

ரெட்டைவால்:
மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண்ணெய் விட்டுச் சுட்ட நாலு சப்பாத்தி சாதத்துக்குக் குறைந்தது ஒன்றும் இல்லை. முதலில் பவுடரை நிறுத்துங்கள். டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் படித்தாலே புரியும், 2024-ல் மத்திய அரசே இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைக்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. வெறும் பால் போதும். நாலு மணிப் பசி நிஜமான பசி, சுண்டல், அவித்த முட்டை, கொய்யா என்று எதையாவது தயாராக வையுங்கள். பிஸ்கட்டை அவனுக்கு மட்டும் மறுக்காதீர்கள், வீட்டுக்கே வாங்காதீர்கள், இல்லாவிட்டால் பீரோவுக்குப் பின்னால் கவர் கிடக்கும் (எங்கள் வீட்டில் கிடந்தது).

மொட்டைமாடி:
டியூஷனை ஏழு மணிக்குத் தள்ள முடியுமா பாருங்கள். தினமும் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்வது ஊரறிந்த கதை. சைக்கிளோ தெருக் கிரிக்கெட்டோ, அவனுக்குப் பிடித்தது எதுவோ அது. ராத்திரி 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அப்புறம், சொந்தக்காரர் யாரும் 'குண்டா' என்று கூப்பிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கோவைக்காரி:
எல்லோருக்கும் நன்றி, சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். மாமியாரிடம் பவுடர் விஷயத்தை எப்படிச் சொல்வது?

ரெட்டைவால்:
நீங்கள் சொல்லாதீர்கள், டாக்டர் சொல்லும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். சுண்டல் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.