போட்ஸ்வானாவில் நாங்கள் கண்ட ஆட்சி

தலைநகர் காபரோனியில் கணக்காளர்:

உடன் வேலை பார்த்த நண்பர் ஒருமுறை தன் கிராமத்தின் கோட்லாவுக்கு அழைத்துப் போனார். ஊர்ச்சபை கூடும் திறந்தவெளி அது. அன்று ஓர் அமைச்சர் குடிநீர்த் திட்டத்தை விளக்க வந்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "குழாய் போட்டீர்கள், தண்ணீர் எங்கே?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் முடிக்கும் வரை அமைச்சர் காத்திருந்து, அப்புறம்தான் பதில் சொன்னார். தப்பாகப் பேசுகிறவருக்கும் பேச உரிமை உண்டு என்பது அந்நாட்டு மொழியான செட்ஸ்வானாவின் பழமொழியாம்.

இந்த நாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1966இல் சுதந்திரம் பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா, பங்வாட்டோ மக்களின் தலைமைக் குடும்பத்தில் பிறந்தவர். ஒராபா அந்த மக்களின் நிலம். ஆனாலும் கனிம உரிமையை இனக்குழுக்களிடமிருந்து நாட்டுக்கு மாற்றும் சட்டத்தை அவர் அரசு கொண்டுவந்தது. வைர வருமானம் பள்ளிக்கும் சாலைக்கும் போனது. நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

வைரத் தொழிலில் இருப்பவர்:

அந்த வைரத்தை நம்பித்தான் நானும் காபரோனி போனேன். பெரிய வைர நிறுவனமான டி பீர்ஸ் தன் கச்சா வைர விற்பனையை 2013இல் லண்டனிலிருந்து அங்கே மாற்றியது. அரசு விடாமல் பேரம் பேசி வாங்கிய மாற்றம் அது. அதன் பிறகு உலகின் பெரிய வியாபாரிகள் கல் வாங்க காபரோனிக்கு விமானம் ஏற வேண்டியதாயிற்று. நான் இருந்த பட்டறையில் பட்டை தீட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். கை நிதானம் அபாரம்.

ஆய்வகத்தில் வளர்க்கும் வைரம் வந்து விலையை இறக்கியதும் ஆட்குறைப்பு தொடங்கியது. மக்களின் கோபம் 2024 தேர்தலில் தெரிந்தது. 58 ஆண்டுகள் ஆண்ட கட்சி நாடாளுமன்றத்தில் 4 இடங்களுக்குச் சுருங்கியது. முழு முடிவு வரும் முன்பே குடியரசுத் தலைவராக இருந்த மசிசி தோல்வியை ஏற்று, எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். வேலை போன ஒரு பெண் என்னிடம் பெருமையோடு சொன்னார்: "ஒரு கல்கூட எறியாமல் மாற்றிவிட்டோம்."

மேற்கே உள்ள கான்சியில் ஆசிரியராக இருந்தவர்:

இருவர் சொன்னதும் சரி. ஆனால் அந்நாட்டின் பழங்குடிகளான சான் மக்களின் கதையையும் சேர்க்க வேண்டும். 1997இலும் 2002இலும் அவர்கள் வாழ்ந்துவந்த மத்திய கலகாரி வனவிலங்குச் சரணாலயத்திலிருந்து அவர்களை வெளியேற்றியது இதே அரசுதான். 2002 வெளியேற்றம் சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போதும் ஆழ்துளைக் கிணற்றுக்குத் தனியாக வழக்காட வேண்டியிருந்தது. 2011இல்தான் மேல்முறையீட்டில் வென்றார்கள். என் வகுப்பில் சான் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டில் பேசும் மொழியில் ஒரு பாடம்கூட அவர்களுக்குக் கிடையாது. பலர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைப் பள்ளியில் தக்கவைக்க எங்களிடம் வழி இருக்கவில்லை என்பது இன்றும் வருத்தம்.

கோட்லா பற்றி எழுதியவரிடம் கேட்கிறேன்: நீங்கள் போன கூட்டத்தில் சான் மக்கள் யாராவது எழுந்து பேசினார்களா? நான் போன கூட்டங்களில் அவர்கள் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.