கோத்தகிரி, குன்னூர் பக்கம் எலக்ட்ரீஷியன் வேலை: ஒரு பெயர் சொல்லி உதவுங்கள்

வணக்கம். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த எங்கள் ஊர்த் தம்பிக்கு டீ ஃபேக்டரியிலோ ஹோட்டலிலோ வேலை தேடுகிறோம். மோட்டார், ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் பார்ப்பான். இரவு ஷிஃப்டுக்கும் தயார்.

தெரிந்தவர்களிடம் "வேலை இருக்கா?" என்று கேட்க வேண்டாம். "பார்த்துச் சொல்றேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்க ஃபேக்டரியில ஆள் எடுக்கிறதுக்கு யார்கிட்ட பேசணும்?" என்று கேளுங்கள். ஒரு பெயராவது கிடைக்கும்.

சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். எப்போதாவது பார்ப்பவர்களிடம்தான் புதுத் தகவல் இருக்கும். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகத்தின் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி சந்திப்பவர் வழியாகப் பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். ஆகவே பச்சை இலை ஏற்றும் லாரி டிரைவரையும் மோட்டார் காயில் கட்டுபவரையும் அவசியம் விசாரியுங்கள். எரிந்த மோட்டார் பட்டறைக்கு வரும்போதே, எந்த ஃபேக்டரியில் ஆள் இல்லை என்ற பேச்சும் கூடவே வந்துவிடும்.

ஊட்டி ஹோட்டல் என்றால் ஏப்ரல், மே சீசனுக்கு முன்பே கேட்டாக வேண்டும்.

பெயர் கிடைத்ததும் "உங்க பேரைச் சொல்லிப் பேசலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போன் எண்ணைப் பொதுவில் போடாமல் தனியாக அனுப்புங்கள். வேலை அமைந்தாலும் அமையாவிட்டாலும், பெயர் தந்தவருக்குத் தம்பியே கூப்பிட்டுச் சொல்வான்.