மோட்டார்ஹோம் இன்வெர்ட்டர்: 1000 வாட்டா, 2000 வாட்டா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) 12 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்புக்காக 2000 வாட் ப்யூர் சைன்வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் வாங்க ஆசை. ஆனால் முழு லோடில் அது 180 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியின் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) தொடர்ந்து 100 ஆம்பியர்தான் தரும். 1000 வாட்டோடு நிறுத்திக்கொள்ளலாமா, இல்லை இதேபோல் இன்னொரு பேட்டரியை இணையாகச் சேர்ப்பதா?

தீ பயம்தான் எனக்குப் பெரிது. பிள்ளைகள் வண்டிக்குள்ளேதான் தூங்குகிறார்கள். இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடப்போகிறேன். 2000 வாட்டுக்கு 70 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் போதுமா? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? வெளி மின்சாரத்துக்கு மாறும்போது நியூட்ரல்-எர்த் இணைப்பை என்ன செய்வது என்பதும் புரியவில்லை. மாட்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். வயரிங் படம் இருந்தால் பெரிய உதவி.