டிரைவர் மாநாட்டுக்கு முதல்முறை போகிறேன்: ஸ்லீப்பில் ஹேங் ஆகும் அட்டையோடு போகலாமா?

புதுஅட்டை:

வணக்கம் நண்பர்களே. ஹார்டுவேர் செய்பவர்களுக்கும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுபவர்களுக்குமான இரண்டு நாள் மாநாடு ஒன்று அடுத்த மாதம் நடக்கிறது. எங்கள் சின்னக் குழுவிலிருந்து நான் மட்டும் போகிறேன். இதுவரை இப்படி எதற்கும் போனதில்லை. நாங்கள் செய்வது சென்சார் அளவுகளைச் சேகரிக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை (மதர்போர்டு ஸ்லாட்டில் செருகுவது). நடுவில் ஒரு எஃப்பிஜிஏ, அதாவது மின்சாரம் வந்ததும் தன் சுற்றமைப்பை ஏற்றிக்கொள்ளும் சிப். விண்டோஸ் டிரைவர் கேஎம்டிஎஃப் என்ற மைக்ரோசாஃப்ட் டிரைவர் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது.

பிரச்சினை இதுதான். எங்கள் செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது கணினியை ஸ்லீப்பில் போட்டால் திரை அணைகிறது, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நிமிடங்கள் கழித்துத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஈவென்ட் வியூவரில் பக்செக் 9எஃப் (பவர் நிலை மாறும்போது டிரைவர் தவறியதைக் காட்டும் பிழை எண்) என்று பதிவாகியிருக்கிறது. செயலியை மூடிவிட்டு ஸ்லீப் கொடுத்தால் ஒழுங்காகத் தூங்குகிறது.

கணினி விழுந்த நேரத்து நினைவகத்தின் நகலான டம்ப் ஃபைலை லேப்டாப்பில் கொண்டுபோனால் மாநாட்டில் யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? நிகழ்ச்சி நிரலில் பவர் மேனேஜ்மென்ட் உரையும் டிரைவர் டீபக்கிங் பயிற்சியும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. எதற்குப் போவது? அட்டையையும் தூக்கிக்கொண்டு போகவேண்டுமா? போய்வந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கர்னல்காவலன்:

பார்ப்பார்கள், ஆனால் பத்து நிமிடம்தான். உரை முடிந்து மேடையிலிருந்து இறங்குபவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் டம்ப்பைப் படிக்க வேண்டிய சிம்பல் ஃபைல் இறங்கக் காத்திருந்தால் கதை முடிந்தது. அதனால் இங்கேயே முடிந்தவரை கிளறிவிடுவோம். மாநாட்டுக்கு மாதக்கணக்கில் பிழையைப் பத்திரப்படுத்தி வைப்பதில் அர்த்தமில்லை.

முதலில் டம்ப் வகையைப் பாருங்கள். மினிடம்ப் என்று இருந்தால் கர்னல் மெமரி டம்ப்புக்கு மாற்றுங்கள். மினிடம்ப்பில் வேண்டியது பாதி இருக்காது. பிறகு வின்டீபக் என்ற டீபக்கரில் திறந்து அனலைஸ் கட்டளையைக் கொடுங்கள். 9எஃப்-க்கு நான்கு எண்கள் காட்டும். முதல் எண் 3 என்றால் ஏதோ ஒரு டிவைஸ் தனக்கு வந்த ஐஆர்பியை (விண்டோஸ் டிரைவருக்கு அனுப்பும் வேலைக் கோரிக்கையை) முடிக்காமல் ரொம்ப நேரம் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது எண் எந்த டிவைஸ் என்று சொல்லும். நான்காவது எண்தான் அந்த ஐஆர்பியின் முகவரி. அதை ஐஆர்பி கட்டளைக்குக் கொடுத்தால், அடுக்கில் எந்த டிரைவரிடம் நிற்கிறது என்று ஒரு அம்புக்குறி காட்டும்.

அம்புக்குறி உங்கள் டிரைவரைக் காட்டினால் ஒரு கேள்வி: செயலி ஏதாவது ஐஓசிடிஎல்-ஐ (டிரைவருக்கான கட்டளையை) அனுப்பிவிட்டு, அட்டையிலிருந்து இன்டரப்ட் என்ற சைகை வரும்வரை காத்துக்கொண்டே இருக்கிறதா?

புதுஅட்டை:

சார், அப்படியே. முதல் எண் 3, அம்புக்குறி எங்கள் டிரைவர்மேல். செயலி தொடங்கியதும் சில ஐஓசிடிஎல்-களை அனுப்பி வைக்கும். டிரைவர் அவற்றை ஒரு பட்டியலில் போட்டுக்கொள்ளும். அட்டையில் தரவு தயாரானதும் ஒன்றை எடுத்து முடித்து அனுப்பும். இது தவறான முறையா?

கர்னல்காவலன்:

முறை தவறில்லை, இன்வர்ட்டட் கால் என்று ரொம்பப் பழைய வழி. சிக்கல், அவற்றை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதில்.

பவர்-மேனேஜ்டு க்யூவிலிருந்து (அட்டையின் மின்நிலையைப் பார்த்து ஃபிரேம்வொர்க் நடத்தும் வரிசையிலிருந்து) ஒரு ரிக்வெஸ்ட் உங்கள் கைக்கு வந்துவிட்டால் ஃபிரேம்வொர்க்கின் கணக்கில் அது உங்களுடையது. அட்டை டி0 என்ற முழு இயக்க நிலையை விட்டு வெளியேறும் நேரத்தில், கையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஈவிடி-ஐஓ-ஸ்டாப் என்ற உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். அங்கே நீங்கள் ரிக்வெஸ்டை முடிக்கவேண்டும், அல்லது ஸ்டாப் அக்னாலெட்ஜ் சொல்லவேண்டும். அந்த ஃபங்ஷனே எழுதவில்லை என்றால் ரிக்வெஸ்ட் தானாக முடியும்வரை ஃபிரேம்வொர்க் காத்துக்கொண்டு நிற்கும். அட்டையோ தூங்கப் போகிறது, தரவு வராது, ரிக்வெஸ்ட் முடியாது. கடைசியில் கர்னல் பொறுமை இழந்து 9எஃப் அடிக்கிறது. செயலி ஓடாதபோது ஏன் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில்.

சரிசெய்ய இரண்டு வழி. ஈவிடி-ஐஓ-ஸ்டாப் எழுதி ஒவ்வொன்றுக்கும் அக்னாலெட்ஜ் சொல்லலாம். ஆனால் ரிக்வெஸ்டைக் கேன்சல் செய்யத்தக்கதாகக் குறித்திருந்து, திரும்ப க்யூவுக்கே அனுப்பப்போகிறீர்கள் என்றால், முதலில் அந்தக் குறியை எடுத்துவிடவேண்டும். இந்த வரிசையில் சறுக்கினால் வேறு ஒரு நீலத்திரை கிடைக்கும். நான் பரிந்துரைப்பது இரண்டாவது வழி: சொந்தப் பட்டியலைத் தூக்கிப்போடுங்கள். மேனுவல் க்யூ (நீங்கள் கேட்கும்போது மட்டும் ரிக்வெஸ்டைத் தரும் வரிசை) ஒன்று உருவாக்கி, அதன் பவர்-மேனேஜ்டு அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்து, வரும் ரிக்வெஸ்டுகளை அங்கே ஃபார்வர்டு செய்யுங்கள். அங்கே கிடக்கும்போது அது ஃபிரேம்வொர்க்கின் பொறுப்பு. கேன்சல் வந்தாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். இன்டரப்ட் வரும்போது ஒன்றை எடுத்து முடித்தால் போதும்.

ஃபிரேம்வொர்க் எங்கே நின்று காத்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றால், கேஎம்டிஎஃப் மூலநிரல் 2015 முதல் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. படிக்கச் சுகமான நிரல் என்று சொல்லமாட்டேன்.

பிட்துப்பறிவாளர்:

ஒரு எச்சரிக்கை மட்டும். மாற்றியபின், டிரைவரின் தவறைக் கண்டால் வேண்டுமென்றே கணினியை விழவைக்கும் டிரைவர் வெரிஃபையரைப் போட்டுச் சோதியுங்கள், ஆனால் அன்றாட வேலைக்கான ஒரே கணினியில் வேண்டாம். பூட் ஆகும்போதே விழ ஆரம்பித்தால் சேஃப் மோடில் போய் வெரிஃபையரை ரீசெட் செய்யவேண்டி வரும். ஸ்லீப்பைக் கையால் போட்டுப் போட்டு எழுப்பவும் வேண்டாம். டபிள்யூடிகே என்ற மைக்ரோசாஃப்ட் டிரைவர் கருவித்தொகுப்போடு பவர்டெஸ்ட் என்ற கருவி வருகிறது. எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிட்டால் இரவு முழுக்கத் தானே தூங்கி எழும்.

புதுஅட்டை:

மேனுவல் க்யூவுக்கு மாற்றினேன். 9எஃப் போயே போய்விட்டது. ரொம்ப நன்றி!

ஆனால் பவர்டெஸ்டை இரவு ஓடவிட்டதில் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கணினி எழுகிறது, அட்டை எழவில்லை. டிவைஸ் மேனேஜரில் சில நேரம் மஞ்சள் முக்கோணம், சில நேரம் அட்டையே காணோம். டிரைவர் அட்டையின் ரெஜிஸ்டரைப் படித்தால் எல்லா பிட்டும் ஒன்றாக வருகிறது. ரீஸ்டார்ட் செய்தால் அட்டை வந்துவிடுகிறது. இப்போது பவர் மேனேஜ்மென்ட் உரைக்குப் போய் இதைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

அலைமானி:

நான் போர்டு பக்கத்து ஆள், அதனால் குறுக்கே வருகிறேன். எல்லா பிட்டும் ஒன்று என்றால், பொதுவாக மறுமுனையில் பதில் சொல்ல யாருமில்லை என்று அர்த்தம். பிசிஐ எக்ஸ்பிரஸில் பதில் வராத ரீடுக்குக் கணினி அதைத்தான் திருப்பித் தரும். டிரைவரை நோண்டாதீர்கள், அது பாவம்.

மூன்று கேள்வி. ஸ்லீப்பில்தான் இந்தக் கதையா, ஹைபர்னேட்டிலும் உண்டா? பயாஸில் ஃபாஸ்ட் பூட்டைப் போட்டு, மின்சாரத்தை முழுக்க நிறுத்தி ஆன் செய்தால் எப்போதாவது அட்டை காணாமல் போகிறதா? எஃப்பிஜிஏ-வின் பிட்ஸ்ட்ரீம் (அதன் சுற்றமைப்பைச் சொல்லும் தரவு) எவ்வளவு பெரிது, எந்த ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து ஏறுகிறது?

புதுஅட்டை:

ஹைபர்னேட்டில் பிரச்சினையே இல்லை. ஃபாஸ்ட் பூட்டில் நீங்கள் சொன்னதுபோலவே எப்போதாவது காணாமல் போகிறது. இவ்வளவு நாள் ஸ்லாட் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிட்ஸ்ட்ரீம் ஏறக்குறைய 80 மெகாபிட். எஸ்பிஐ ஃப்ளாஷ், 4 கம்பி, 50 மெகாஹெர்ட்ஸ்.

அலைமானி:

அப்படியானால் கணக்கைப் போடுங்கள். 4 கம்பியில் 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 200 மெகாபிட். 80 மெகாபிட் ஏற 400 மில்லிசெகண்டு. இனி விதியைப் பாருங்கள். மின்சாரம் நிலைத்தபின் பெர்ஸ்ட் என்ற ரீசெட் கம்பியைக் குறைந்தது 100 மில்லிசெகண்டு பிடித்துவைப்பார்கள். அதை விட்டதும் 20 மில்லிசெகண்டுக்குள் அட்டை, கணினியோடு இணைப்பை ஏற்படுத்தும் லிங்க் ட்ரெயினிங்குக்குத் தயாராக இருக்கவேண்டும். ஆக மொத்தம் 120 மில்லிசெகண்டு உங்களுக்கு உறுதி, அதற்கு மேல் கிடைப்பது மதர்போர்டின் கருணை.

எஸ்3 ஸ்லீப்பில் (நினைவகத்தை மட்டும் உயிரோடு வைக்கும் தூக்கத்தில்) ஸ்லாட்டின் முக்கிய மின்சாரம் போய்விடும், எஃப்பிஜிஏ எல்லாவற்றையும் மறந்துவிடும். எழும்போது பயாஸ் குறுக்குவழியில் ஓடுவதால் உங்கள் எஃப்பிஜிஏ பாதி ஏறிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸில் (அட்டைகள் இணையும் பாதையில்) எந்த அட்டைகள் இருக்கின்றன என்ற ஆள் எண்ணிக்கை முடிந்துவிடுகிறது. ஹைபர்னேட்டிலும் மின்சாரம் போகும்தான், ஆனால் அங்கே முழு பூட் நடக்கிறது, அவகாசம் தாராளம். ரீஸ்டார்ட்டில் மின்சாரமே போவதில்லை, ஏறியது ஏறியபடி இருக்கும். நீங்கள் சொன்ன எல்லா அறிகுறியும் பொருந்துகிறது.

ஆனால் இது என் ஊகம்தான். அலைமானியை (ஆஸிலோஸ்கோப்பை) எடுத்து ஒரு சேனலை பெர்ஸ்டிலும் இன்னொன்றை, ஏறி முடிந்ததைக் காட்டும் எஃப்பிஜிஏ-வின் டன் (DONE) முனையிலும் வைத்து, ஸ்லீப்பிலிருந்து எழும் நேரத்தைப் பிடியுங்கள்.

புதுஅட்டை:

பிடித்துவிட்டேன். பெர்ஸ்ட் மேலே போய் ஏறக்குறைய 290 மில்லிசெகண்டு கழித்துத்தான் டன் மேலே போகிறது. படத்தில் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு பெரிய இடைவெளி.

அலைமானி:

இந்த ஒரு படத்தை அச்சடித்து எடுத்துக்கொள்ளுங்கள். மாநாட்டுக்கு நீங்கள் கொண்டுபோகவேண்டிய பொருள் இதுதான், டம்ப் ஃபைல் இல்லை.

போகவேண்டிய இடமும் மாறிவிட்டது. பவர் மேனேஜ்மென்ட் உரையில் இதைக் கேட்டால், அட்டை பஸ்ஸில் இல்லை, நாங்கள் என்ன செய்ய என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். சிப் நிறுவனங்கள் மேசை போட்டிருக்கும் கூடத்துக்குப் போங்கள். உங்கள் எஃப்பிஜிஏ செய்பவர்களின் மேசையில் விற்பனைக்காரரிடம் நேரத்தைக் கழிக்காமல், கான்ஃபிகரேஷன் (பிட்ஸ்ட்ரீம் ஏற்றும் வேலை) தெரிந்த இன்ஜினியர் எப்போது வருவார் என்று மட்டும் கேட்டுவையுங்கள். அவர் வந்ததும் படத்தை நீட்டி ஒரே கேள்வி: பிசிஐ எக்ஸ்பிரஸ் பகுதியை முதலில் ஏற்றி, மீதியைப் பிறகு ஏற்றும் இரண்டு கட்ட முறை இந்தச் சிப்பில் உண்டா, உண்டென்றால் முதல் கட்டம் எத்தனை மெகாபிட்? உங்கள் ஃப்ளாஷ் வேகத்தில் 120-க்குள் 24 மெகாபிட்தான் ஏறும். கொஞ்சம் இடைவெளியும் விடவேண்டும். போவதற்கு முன் பிட்ஸ்ட்ரீமைச் சுருக்கிப் பாருங்கள், ஃப்ளாஷ் கடிகாரத்தைக் கூட்டிப் பாருங்கள். எப்படியும் அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

கர்னல்காவலன்:

உரையா, பயிற்சியா என்ற பழைய கேள்விக்கு: எதைப் பதிவுசெய்து பிறகு வெளியிடுகிறார்களோ அதை விடுங்கள். பயிற்சிக்குப் போங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் டம்ப்பை எப்படிப் பிரிக்கிறார் என்று பார்ப்பதே பாதிப் படிப்பு. கீநோட் என்ற தொடக்க உரையைக் காலை உணவோடு சேர்த்துத் தள்ளிவிடலாம் என்பது என் கட்சி. பலருக்கு இதில் உடன்பாடு இருக்காது.

ஆவணத்தில் இருப்பதை அங்கே போய்க் கேட்காதீர்கள். டிரைவருக்கான டிஜிட்டல் கையெழுத்து அப்படி ஒன்று. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து, செக்யூர் பூட் உள்ள புது நிறுவலில் புது கர்னல் டிரைவர் மைக்ரோசாஃப்ட் போர்ட்டல் வழியாகக் கையெழுத்தாகி வரவேண்டும். இது எழுதியே இருக்கிறது. இன்னொன்று, வாடிக்கையாளர் கணினியின் டம்ப்பை அப்படியே யாரிடமும் பென் டிரைவில் கொடுக்காதீர்கள். அதில் அவர்கள் நினைவகத்தில் இருந்தது எதுவும் இருக்கலாம்.

பிட்துப்பறிவாளர்:

எல்லா மாநாடும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் வின்ஹெக் 1992-இல் தொடங்கி 2008 வரை நடந்தது, பிறகு 2015-இல் ஷென்ஜெனில் மறுபடி வந்தது. அது மேடையிலிருந்து சொல்லும் வகை: அடுத்து என்ன வருகிறது, உங்கள் டிரைவரில் எதை மாற்றவேண்டும். 2008 முதல் நடக்கும் லினக்ஸ் ப்ளம்பர்ஸ் மாநாடு நேர் எதிர். அங்கே மைக்ரோகான்ஃபரன்ஸ் என்று தனித்தனி அறைகளில் உட்கார்ந்து, தீராத சிக்கலை விவாதித்தே தீர்ப்பார்கள். ஸ்லைடு காட்டி முடித்துப் போகிறவருக்கு அங்கே வரவேற்பு குறைவு. மூன்றாவது, பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தை வகுக்கும் பிசிஐ-சிக் அமைப்பு நடத்தும் கம்ப்ளையன்ஸ் ஒர்க்ஷாப். உரை கேட்கும் இடமே இல்லை. அட்டையை எடுத்துப்போய் மற்றவர்களின் கணினிகளில் செருகிச் சோதிக்கும் இடம், உறுப்பினர்களுக்கு மட்டும். உங்கள் 120 மில்லிசெகண்டு சிக்கலைத் தீர்த்தபின் நீங்கள் போகவேண்டியது அங்கேதான்.

புதுஅட்டை:

ரொம்பத் தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று: அட்டையை லேப்டாப்பில் காட்ட தண்டர்போல்ட் பெட்டி (கேபிள் வழியாக அட்டையை லேப்டாப்போடு இணைக்கும் வெளிப்பெட்டி) வாங்கலாம் என்று இருந்தேன். தேவையா?

அலைமானி:

வேண்டாம். அந்தப் பெட்டிக்கு மின்சாரம் தனி வழியில் வருகிறது. லேப்டாப் தூங்கினாலும் அட்டைக்கு மின்சாரம் போகாமலே இருக்கலாம், அப்போது கோளாறு தலைகாட்டாது. இன்ஜினியர் முன்னால் எல்லாம் அழகாக வேலைசெய்யும், நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அட்டையை ஆன்டிஸ்டாட்டிக் பையில் போட்டுச் சும்மா கையில் வைத்திருங்கள், ஃப்ளாஷ் சிப்பின் எண்ணைப் படிக்க உதவும். அலைமானிப் படம், ஸ்கீமாட்டிக்கில் (சுற்றுப்படத்தில்) கான்ஃபிகரேஷன் பகுதி மட்டும் ஒரு பக்கம், மதர்போர்டு மாடல், பயாஸ் பதிப்பு. இவ்வளவு போதும். முதல் நாள் காலையிலேயே அந்த மேசைக்குப் போய்விடுங்கள். இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் பாதிப் பேர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.