தாத்தா வெட்டு இப்படி இருக்காது

குழு: சுங்கை சிப்புட் குடும்பம் (மலேசியா)
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 7:12
எல்லாருக்கும் காலை வணக்கம். வர்ற 20ஆம் தேதி தாத்தா திதி. ஹால்ல மாட்ட ஒரு படம் ரெடி பண்ணிட்டேன். தாத்தாவோட பழைய ஐசி (அடையாள அட்டை) போட்டோவ ஏஐ-ல போட்டு, ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுற மாதிரி ஜப்பான் கார்ட்டூன் ஸ்டைல்ல கேட்டேன். ஒரு நிமிஷங்கூட ஆகல, வந்துருச்சு. பாருங்க.

(படம்)

சித்தப்பா, 7:15
அண்ணே, அப்பா சிரிக்கிற மாதிரியே இருக்கு. பிரேம் செலவு என்னுது.

கபிலன், 7:21
கிப்லி ஸ்டைல்! 2025 மார்ச்ல ஊரே போட்டுச்சே, அதுதான். சூப்பர் பெரியப்பா.

பெரியம்மா, 7:24
அத்தை இன்னும் சாமி கும்பிடுறாங்க. முடிச்சதும் காட்டுறேன்.

யாழினி, 7:48
பெரியப்பா, தாத்தாவ நெனச்சு உக்காந்து செஞ்சிருக்கீங்க, அது எனக்குப் புரியுது. ஆனா இத ஹால்ல மாட்ட வேணாம். எனக்கு மனசு ஒப்பல.

பெரியப்பா, 7:50
ஏம்மா? படம் வரையிற புள்ள, நீதான் மொதல்ல சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்.

யாழினி, 7:58
இந்த ஸ்டைல் அந்த மெஷினுக்குச் சொந்தமில்ல பெரியப்பா. கிப்லிங்கிறது ஜப்பான்ல கார்ட்டூன் படம் எடுக்குற ஸ்டூடியோ, 1985ல ஆரம்பிச்சது. அத்தன வருஷமா கையால வரைஞ்சு வரைஞ்சு வந்த முகம், அந்தப் புல்லு, அந்த வானம். அவங்க 2013 படத்துல ஜனக் கூட்டம் நகர்ற காட்சி ஒன்னு இருக்கு. 4 வினாடிதான். எய்ஜி யமமோரின்னு ஒருத்தர் அந்த 4 வினாடிய வரைய 1 வருஷம் 3 மாசம் உக்காந்திருந்தாரு. ஒவ்வொரு ஆளும் தனித்தனியா நடக்கணும்ல.
2025 அக்டோபர்ல கிப்லியும் உறுப்பினரா இருக்குற ஜப்பான் சங்கம் ஒன்னு, எங்க அனுமதி இல்லாம எங்க படைப்புகள வச்சு உங்க ஏஐ-க்குப் பயிற்சி குடுக்காதீங்கன்னு ஓப்பன்ஏஐ கம்பெனிக்கு எழுதுச்சு. அவங்க கேக்குறது அவ்வளவுதான். கேட்டுட்டு எடுங்க.

கபிலன், 8:03
கிப்லி டைரக்டர் மியாசாகிகூட இந்த ஏஐ கிப்லி படங்களப் பாத்துட்டு "உயிருக்கே அவமானம்"னு சொன்னாரே.

யாழினி, 8:09
அப்படித்தான் எல்லாரும் அனுப்புறாங்க, ஆனா அவரு அதச் சொன்னது 2016ல. ஜப்பான் என்எச்கே டிவி ஆவணப்படத்துல வருது. கம்ப்யூட்டர் தானா நகரக் கத்துக்கிட்ட ஒரு உருவத்த அவருக்குப் போட்டுக் காட்டுனாங்க. தலையக் காலு மாதிரி ஊனி ஊனி, வலியே தெரியாத மாதிரி தரையில ஊருது. அவருக்கு உடம்பு முடியாத ஒரு நண்பர் இருந்தாரு. கையத் தூக்கி இவரு கையத் தொடவே அந்த மனுஷன் படுற பாடு அவருக்கு ஞாபகம் வந்துருச்சு. அதுல வந்த கோவம். நம்ம பக்கம் நியாயம் இருக்கும்போது அவரு சொல்லாத எடத்துல கொண்டுபோய் அவரு பேச்ச ஒட்டக்கூடாது கபிலா.

சித்தப்பா, 8:20
நான் ஒன்னு கேக்குறேன் யாழி. 2024ல வந்த ரஜினி படப் பாட்டுல மலேசியா வாசுதேவன் குரல ஏஐ-ல கொண்டுவந்தாங்கல்ல? நம்ம மண்ணுல பொறந்த மனுஷன், 2011லயே போய்ட்டாரு. ஈப்போ ரோட்டுல காடி ஓட்டிட்டிருந்தேன், வானொலியில அந்தக் குரல் வருது. ஓரமா நிறுத்திட்டு அழுதேன். அதுவும் தப்பா?

யாழினி, 8:27
இல்ல சித்தப்பா, நானும் அழுதேன். அந்தப் பாட்டுல அவரு மகன் யுகேந்திரனும் பாடியிருக்காரு. புள்ளைக்குத் தெரிஞ்சு, புள்ள கூட நின்னு நடந்தது. அதே வருஷம் ரகுமான், மறைஞ்ச பாடகருங்க ஷாகுல் ஹமீது குரலையும் பம்பா பாக்யா குரலையும் ஒரு பாட்டுக்கு எடுத்தாரு. ரெண்டு குடும்பத்துக்கிட்டயும் கேட்டு, பணமும் குடுத்தாரு.
இப்ப அம்பிகாபதி கதையப் பாருங்க. 2013ல தனுஷ் நடிச்ச ராஞ்சணா, தமிழ்ல அம்பிகாபதி. கடைசியில அவன் செத்துருவான். 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி தமிழ்ல மறுபடி வெளியிட்டாங்க, ஏஐ வச்சு அவனப் பொழைக்க வச்சுட்டாங்க. டைரக்டர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தாரு. படத்தோட ஆன்மாவையே உருவிட்டாங்கன்னு தனுஷ் எழுதுனாரு. ரெண்டுமே ஏஐதான் சித்தப்பா. ஒன்னுல கேட்டாங்க, இன்னொன்னுல கேக்கல.

பெரியப்பா, 8:34
படம் பணம் போட்டவனுக்குத்தானம்மா சொந்தம். தோட்டம் தொரைக்குச் சொந்தம்னா, ரப்பர் மரத்த வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட அவன் யாரக் கேட்டான்?

யாழினி, 8:36
கேக்கலதான் பெரியப்பா. அதனாலதானே தாத்தா கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கல.

கபிலன், 8:44
பெரியப்பா, சூப்பர்மேன் கதை தெரியுமா? ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர்னு ரெண்டு பேரு அவன உருவாக்குனாங்க. 1938ல 130 டாலருக்கு உரிமைய எழுதிக் குடுத்துட்டாங்க. கம்பெனி கோடி கோடியா சம்பாரிச்சுது, அவங்க பேரக்கூடப் போடாம இருந்தாங்க. பெரிய சினிமா எடுக்கப் போறப்ப இவங்க வறுமை வெளிய தெரிஞ்சு, நாலு பேரு சத்தம் போட்டாங்க. அதுக்கப்புறம் 1975லதான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், பேரும் திரும்ப வந்துச்சு. பேட்மேன உருவாக்குன பில் ஃபிங்கர் 1974லயே செத்துட்டாரு. அவரு பேர படத்துலயும் டிவியிலயும் முறையா போட கம்பெனி ஒத்துக்கிட்டது 2015ல.

சித்தப்பா, 8:47
செத்து 41 வருஷம் கழிச்சா? பாவம்பா.

கபிலன், 8:51
ஆனா அக்கா, பாக்குறவங்க சொல்லி மாத்துறது எல்லாமே தப்பில்ல. 2019ல வீடியோ கேம் முள்ளெலி சோனிக்கோட பட டிரெய்லர் வந்தப்ப அந்தப் பல்லப் பாத்து எல்லாரும் கத்துனோம். நவம்பர்ல வரவேண்டிய படத்த 2020 பிப்ரவரிக்குத் தள்ளி வச்சு முழு உருவத்தையும் மாத்துனாங்க. நல்லாத்தான வந்துச்சு?

யாழினி, 8:55
நல்லா வந்துச்சு, ஏன்னா சோனிக்க வரைஞ்சே பழகுன டைசன் ஹெஸ்ஸக் கூப்பிட்டு வரையச் சொன்னாங்க. டைரக்டரே மாத்துறேன்னு ஒத்துக்கிட்டாரு. ஆள ஒதுக்கிட்டு மாத்தல.

பெரியம்மா, 9:02
யாழி, நீ இவ்வளவு வருத்தப்படுறன்னா வேற ஏதோ இருக்கு. சொல்லும்மா.

யாழினி, 9:13
இருக்கு பெரியம்மா. போன வருஷம் பாட்டி கை மல்லியப்பூ கட்டுறத வரைஞ்சேன்ல. அந்த நரம்பு, அந்த ஒத்த வளையல், பல்லுல கடிச்ச நாரு. 11 ராத்திரி. நெட்ல போட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு பசார் மாலாம் ராச்சந்தையில ஒரு கடையில டீசட்டையா தொங்குது, 15 வெள்ளி. என் கையெழுத்து இருந்த எடத்துல வேற எழுத்து. இது என் படம்னு சொன்னேன். "நெட்ல கெடந்துச்சு தங்கச்சி"ன்னான். பாட்டி கை எங்கயும் கெடக்கல பெரியம்மா.

சித்தப்பா, 9:15
இத ஏன் எங்ககிட்ட சொல்லல?

பெரியம்மா, 9:31
அத்தைக்குப் படத்தக் காட்டிட்டேன். கண்ணாடியப் போட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க சொல்றத அப்படியே எழுதுறேன்.
"இது யாரு? முகம் அவரு முகந்தான். ஆனா பால் வெட்டத் தெரியாத ஆளா இருக்காரே. வெட்டு இடது பக்கம் மேல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ எறங்கணும். இதுல திரும்பி இருக்கு. பால் புடிக்கிற மங்கு ஒரு பக்கம் தொங்குது, பால் ஒரு பக்கம் ஒழுவுது. அது யாரு வாயில போய் விழும்? பட்டைய இவ்வளவு ஆழமாவா வெட்டுவாங்க? மரத்துக்குக் காயம் வச்சுட்டான்னு வேலையப் பாக்குற தண்டல், காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுலயே வச்சுத் திட்டுவாரு. உங்கப்பா ஒரு மரத்துக்கும் காயம் வச்சதில்ல. அவரு நெறையில, அவரு வெட்டுற வரிசையில, மரம் பட்டை மூடி வர்றதப் பாக்கணும், தச்ச துணி மாதிரி இருக்கும். வெயிலு வேற அடிக்குது படத்துல. வெயிலு வந்தா பாலு வராதுடா."

பெரியப்பா, 9:40
எனக்குத் தெரியாமப் போச்சே. நான் பொறந்து வளந்ததே அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான். படத்தப் பாத்தேன், வெட்டப் பாக்கல.

யாழினி, 9:46
பெரியப்பா, உங்க அலமாரியில கார்ட்டூனிஸ்ட் லாட் வரைஞ்ச "கம்பத்துப் பையன்" புக்கு இருக்குல்ல, 1979ல வந்தது. சின்ன வயசுல நீங்கதான் மடியில வச்சுக் காட்டுனீங்க. நம்ம பேராக் கம்பம், ஈயம் தோண்டுற அந்த ஈயக்கப்பல், எல்லாம் அவரு பாத்து வளந்தது, அதனாலதான் ஒரு கோடுகூடப் பொய் சொல்லல. கம்பத்துப் பையனுக்கு லாட் இருந்தாரு. லயத்துப் பையனுக்கு யாரு இருக்கா?

கபிலன், 9:50
நம்ம மலேசியா கார்ட்டூன் போபோய்பாய்ல கோபால்னு நம்ம பையன் இருக்கான்! ஆனா அவன் பயந்துக்கிட்டே இருப்பான், பொருளச் சாப்பாடா மாத்துறதுதான் அவன் சக்தி. எனக்குப் புடிக்கும். ஆனா ஸ்கூல்ல என்னைய அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டப்பப் புடிக்கல.

யாழினி, 9:53
அதுக்குத்தான் நீ எழுது கபிலா, நான் வரையிறேன். நெஜமாத்தான் சொல்றேன்.

பெரியப்பா, 10:05
சரிம்மா. இந்தப் படம் என் போன்ல இருக்கட்டும், அப்பா முகம் பாக்க எனக்கு வேணும். அழிக்க மாட்டேன். ஹாலுக்கு நீ வரைஞ்சு குடு. 20ஆம் தேதிக்குள்ள முடியுமா?

யாழினி, 10:07
முடிக்கிறேன் பெரியப்பா. சனிக்கிழமை வர்றேன். பாட்டி பக்கத்துல உக்காந்துதான் வரையணும்.

சித்தப்பா, 10:10
அப்பா பால் வாளி தூக்குற காண்டாக் கம்போட நிக்கிற போட்டோ ஒன்னு என்கிட்ட இருக்கு. பாதி கரையான் தின்னுருச்சு. கொண்டாறேன்.

பெரியம்மா, 10:22
அத்தை சொல்றாங்க, தாத்தாவோட கத்தி அவங்க கட்டிலுக்குக் கீழ துணியில சுத்தி இருக்காம். வாசல் முருங்கை மரத்துல எப்படிப் புடிக்கணும்னு காட்டுறாங்களாம். காலையில 5 மணிக்கு நிக்கணுமாம், டார்ச் லைட்டோட. விடிஞ்சப்புறம் காட்ட மாட்டாங்களாம்.

யாழினி, 10:24
அப்ப வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துடுறேன்னு சொல்லுங்க பெரியம்மா.