மாஸ்க்வா-5: ரேஞ்ச்ஃபைண்டர் காட்டுவது ஒன்று, படத்தில் விழுவது வேறு

கேள்வி: மாஸ்க்வா-5 (சோவியத் மடிப்பு பிலிம் கேமரா), இண்டஸ்டார்-24 லென்ஸ் (105 மி.மீ., எஃப் 3.5). ரேஞ்ச்ஃபைண்டரில் (ஃபோகஸ் தூரம் பார்க்கும் கருவி) தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்றுசேர்த்து எடுத்தாலும் முகம் மங்கல், பின்னால் உள்ள சுவர்தான் துல்லியம். முடிவிலியில் எடுத்தால் படம் முழுக்கவே மங்கல். ஆனால் ஃபோகஸ் வளையம் முடிவிலியில் இருக்கும்போது தூரத்துக் கோபுரம் ரேஞ்ச்ஃபைண்டரில் சரியாக ஒன்றுசேர்கிறது. எஃப் 16-இல் குறை தெரிவதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரின் ஆப்புக் கண்ணாடிகளைத் (ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்தவை) திருப்பிப் பார்க்கலாமா?

பதில் 1: வேண்டாம், ஆப்புக் கண்ணாடிகள் இருக்கும் அந்தக் கையைத் தொடாதீர்கள். ரேஞ்ச்ஃபைண்டர் சரியாகத்தான் இருக்கிறது. முன் லென்ஸ்தான் அளவுக்கு மேல் உள்ளே திருகப்பட்டிருக்கிறது. ஜெர்மன் மடிப்பு கேமராவான சூப்பர் இக்கோன்டாவைப் போலவே இதிலும் லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே நெம்புகோல் கிடையாது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு ஆப்புக் கண்ணாடிகள் பற்சக்கரம் வழியாக ஃபோகஸ் வளையத்தோடு ஓடுகின்றன. வளையத்துக்கும் முன் லென்ஸுக்கும் உள்ள பிடிப்பு மாறினால், ரேஞ்ச்ஃபைண்டர் சரியாகக் காட்டும், படம் மட்டும் கெடும்.

பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தடத்தின் மேல் சொரசொரப்பாக்கிய கண்ணாடியை வையுங்கள். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். செலோடேப் ஒட்டிப் பார்ப்பது சரிவராது, அது தொய்யும். ஷட்டரை 'பி'-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து, பூட்டும் கேபிள் ரிலீஸால் திறந்தே நிறுத்துங்கள். துளை எஃப் 3.5. குறைந்தது 500 மீட்டர் தள்ளியிருக்கும் கோபுரமோ மின்கம்பமோ இலக்காகட்டும். 100 மீட்டரில் உள்ளதை முடிவிலி என்று எடுத்தால் 0.11 மி.மீ. பிழை அப்போதே புகுந்துவிடும், எஃப் 3.5-இல் 6×9 செ.மீ. படத்துக்குப் பிழைச் சலுகையே முன்னும் பின்னும் சுமார் 0.25 மி.மீ.தான்.

வளையத்தின் விளிம்பில் உள்ள மூன்று சிறு திருகுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். வளையத்தை முடிவிலித் தடையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, முன் லென்ஸை மட்டும் ரப்பர் துண்டால் மெல்ல வெளியே திருகுங்கள். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்து, கூர்மை வந்து தாண்டிய பிறகு திரும்பி வந்து நடுவில் நிறுத்துங்கள். மூன்று திருகுகளையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் முழுதாக முடுக்கினால் வளையம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும்.

பதில் 2: அதற்கு முன் லென்ஸ் பலகையை விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். தாங்கு கைகள் தளர்ந்து ஆட்டம் இருந்தால் எந்தச் சீரமைப்பும் நிற்காது. ரேஞ்ச்ஃபைண்டரில் இரு பிம்பங்களையும் சேர்த்துக் காட்டும் ஒளிபிரிப்பான் கண்ணாடியை ஆல்கஹாலால் துடைக்காதீர்கள். பழைய பூச்சு கையோடு வந்துவிடும்.

கேட்டவர்: முடிவிலி இப்போது துல்லியம், நன்றி. ஆனால் 2 மீட்டரில் ஒரு பிம்பம் மற்றதைவிடச் சற்று மேலே நிற்கிறது.

பதில் 1: வளையத்தைச் சுழற்றும்போது அந்த மேல்-கீழ் விலகல் மாறுகிறதா? எல்லாத் தூரத்திலும் ஒரே அளவாக இருந்தால் உடலுக்குள் இருக்கும் கண்ணாடி சாய்ந்திருக்கும். கிட்ட வர வர கூடினால் ஒரு ஆப்பு பல் தப்பி மாட்டப்பட்டிருக்கிறது: இரண்டும் சமமாகச் சுழன்றால்தான் மேல்-கீழ் விலகல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் ஆப்புகள் இருக்கும் கையைத் திறந்து, இப்போதைய நிலையை இரு சக்கரங்களிலும் கூரிய ஊசியால் குறித்துக்கொண்டு, ஒன்றை மட்டும் ஒரு பல் நகர்த்துங்கள். விலகல் கூடினால் எதிர்ப்பக்கம். முடித்ததும் முடிவிலியில் ரேஞ்ச்ஃபைண்டரை மறுபடி பாருங்கள்.

2 மீட்டர் சோதனையில் தூரத்தை பிலிம் தளத்திலிருந்து அளக்க வேண்டும், லென்ஸ் முகத்திலிருந்து அல்ல. அங்கே எஃப் 3.5-இல் சலுகை முன்னும் பின்னும் சுமார் 9 செ.மீ. லென்ஸ் முகத்திலிருந்து அளந்தால் அது முழுதும் அங்கேயே போய்விடும்.